மெஸ்ஸில் பாட்டிலோடு வந்து உட்காருகிறார்கள், கேஸ் என் மேல் வருமா?

கறிமெஸ்_கல்லா எழுதியது:

வணக்கம். இங்கே ஹோட்டல், மெஸ் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை ரிங் ரோட்டை ஒட்டி, மாநகராட்சிக்கு வெளியே, ஊராட்சி எல்லையில் எங்கள் கறி மெஸ் இருக்கிறது. எட்டு மேசை. மாமியார் தொடங்கிய கடை. இப்போது கல்லாவில் நான், அடுப்படியில் அவர். 68 வயதாகிறது, இன்றைக்கும் சுக்காவுக்கு மிளகு இடிக்க வேறு யாரையும் விடமாட்டார். மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் பரோட்டா, கறி தோசை, குடல், ஈரல், கலக்கி. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலையில் கறி எடுத்துவந்து போட்டுவிட்டுப் போனால் ராத்திரிதான் கடைப்பக்கம் வருவார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் கூப்பிடு தூரத்தில் டாஸ்மாக் கடை வந்தது. அங்கே மத்தியானம் 12 மணிக்கு ஷட்டர் ஏறினால், 12.10-க்கு இங்கே ஒருவர் கலக்கி கேட்பார். இடுப்பில் குவார்ட்டர் செருகியிருப்பார். எவர்சில்வர் டம்ளர் மேசைக்குக் கீழே போகும், மேலே வரும்போது வாசனை மாறியிருக்கும். நான் அந்த நேரம் பார்த்து நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். பொய் சொல்லவில்லை, வியாபாரம் கூடியது. நாளைக்கு இரண்டு கிலோ ஓடிய ஈரல் ஐந்து கிலோ ஆனது. தண்ணீர் பாட்டில் கேஸ் கேஸாக இறங்கியது. அதே சமயம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. வழியில் பார்த்தால் "வர நேரமே இல்லை அக்கா" என்பார்கள்.

போன செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு போலீஸ் வந்தது. மூன்று மேசையில் பாட்டில் இருந்தது. இரண்டு பேரை வண்டியில் ஏற்றினார்கள். பரிமாறும் தம்பியிடம் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் எழுதி வாங்கினார்கள். 19 வயதுப் பையன், அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. போகும்போது எஸ்.ஐ., "அடுத்த தடவை வந்தால் சீல் வைத்துவிட்டுத்தான் போவோம்" என்றார். விடிந்ததும் கட்டட ஓனர் போன் செய்தார். வாடகை ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு வரியை வாசித்துக் காட்டினார்.

நான் கேட்பது இதுதான். நான் ஒரு சொட்டு விற்கவில்லை. நூறடி தள்ளி அரசாங்கமே விற்கிறது. வாங்கியவர் என் கடையில் வந்து குடித்தால் நான் எப்படிக் குற்றவாளி? பேசாமல் லைசன்ஸ் எடுத்துவிடலாமா? ஒரு புரோக்கர் வந்தார். "மனமகிழ் மன்றம்" என்று பதிந்து, மெஸ்ஸின் பின்கட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், எல்லாம் சேர்த்து 12 லட்சம் என்கிறார். கடைக்குப் பக்கத்தில் அய்யனார் கோயில் இருக்கிறது, அதைக் காட்டி டாஸ்மாக்கையே தள்ளிப் போகச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. ஒருநாள் ஒருவர் எழுந்து நிற்கவே முடியாத நிலையில் பைக்கை எடுக்கப் போனார். சாவியைப் பிடுங்கிக் கல்லாவில் போட்டுவிட்டேன். காலையில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். நான் அன்றைக்குச் சாவியைப் பிடுங்காமல், அவர் ரிங் ரோட்டில் போய் லாரியில் விட்டிருந்தால்? அதுவும் என் தலையில்தான் விடியுமா?


பழைய_பார்க்காரன் எழுதியது:

தங்கச்சி, புகார் எங்கிருந்து போயிருக்கும் என்று ஒரு ஊகம் சொல்கிறேன். அந்த டாஸ்மாக்கை ஒட்டி பார் இருக்கிறதா? இருந்தால் அங்கேதான் தேட வேண்டும்.

நான் மேலூர்ப் பக்கம் இரண்டு வருடம் பார் எடுத்து நடத்தியவன். வெளியே இருப்பவர்கள் பார்க்காரன் சரக்கு விற்கிறான் என்று நினைப்பார்கள். சட்டப்படி அவன் ஒரு கட்டிங் கூட விற்கக் கூடாது. நான் எடுத்த காலத்தில் டெண்டரில் கிடைத்தது இரண்டே உரிமை. ஒன்று, தின்பண்டம் விற்பது. இன்னொன்று, காலி பாட்டில் பொறுக்குவது. அதற்கு மாதா மாதம் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் கட்ட வேண்டும், ஊரில் கலவரம் என்று கடையை மூடினாலும் கட்ட வேண்டும். என் பாரில் மேசை துடைத்த இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தது சாக்கு சாக்காகப் போன காலி பாட்டில்தான். மிச்ச வருமானம் சுண்டல், அவித்த முட்டை, தண்ணீர், டம்ளர்.

இப்போது அவன் இடத்தில் நின்று பாருங்கள். அவனிடம் ஆறிப்போன சுண்டல். நூறடி தள்ளி உங்கள் மாமியார் மிளகு இடித்துப் போட்ட ஈரல், மேலே மின்விசிறி, கழுவிய டம்ளர். வாடகை கட்டாத பார் ஒன்று எதிரே ஓடுகிறது என்று அவன் நினைக்க மாட்டானா? நானாக இருந்தாலும் போன் போட்டிருப்பேன்.

"நீயே அந்த பாரை டெண்டர் எடு" என்று யாராவது கிளப்புவார்கள், காதில் வாங்காதீர்கள். கட்டும் பணத்துக்குத் தின்பண்டம் மட்டும் கட்டாது. காலை 8 மணிக்கே கை நடுங்கிக்கொண்டு ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். முந்தின நாள் வாங்கி வைத்த குவார்ட்டரை ஐம்பது ரூபாய் கூட வைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு அக்டோபர் 2 அன்று என் ஆள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து விற்றான், பிடித்தார்கள். "எனக்குத் தெரியாது" என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பியிருக்கவும் கூடாது.


வக்கீல்_ஒத்தக்கடை எழுதியது:

சகோதரிக்கு, நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். பொதுவாக மட்டும் சொல்கிறேன், உங்கள் காகிதங்களைப் பார்த்துப் பேச உள்ளூரில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி காலத்தில் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. கடைக்குக் கடை சரக்கு விற்றாலும் இன்றுவரை அதுதான் சட்டம். அதாவது விற்பது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே தடை என்று தொடங்கி, பிறகு உரிமம் உள்ள இடத்துக்கு, அனுமதித்த அளவுக்கு என்று விலக்குத் தருகிறது. டாஸ்மாக் கடைக்கு விலக்கு உண்டு. அதை ஒட்டிய பாருக்கு உண்டு. உங்கள் எட்டு மேசைக்கு எந்த விலக்கும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் வாங்கிய லைசன்ஸ் சமையலுக்கு மட்டும்.

"நான் விற்கவில்லை" என்பது விற்ற குற்றத்தில் இருந்துதான் காப்பாற்றும். இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே குடிக்க விட்டால் அது தனிக் குற்றம். "தெரிந்தே" என்ற சொல்லில்தான் இந்த மாதிரி வழக்குகள் நிற்கும், விழும். நீங்கள் கல்லாவில் இருக்கிறீர்கள், டம்ளர் கொடுத்தது உங்கள் ஆள், தண்ணீர் பாட்டில் பில்லில் இருக்கிறது. தெரியாது என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

சீல் வைப்பதைப் பற்றி எஸ்.ஐ. சொன்னதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. சாராயம் காய்ச்சுவோருக்குத் தண்டனை ஏறியது எல்லோருக்கும் தெரியும். உரிமம் இல்லாமல் குடிக்க இடம் கொடுக்கும் இடங்களை மூடி முத்திரை வைக்கவும் அதிலேயே வழி செய்தார்கள். மெஸ்காரர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை.

அய்யனார் கோயில் விஷயம். சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனத்தில் இருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடமாக இருந்தால் அந்தத் தூரமும் பொருந்தாது. முதலில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டர் என்று யாராவது எழுதுவார்கள். அது 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 மார்ச் 31-ல் 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தது. நகராட்சி எல்லைகளுக்குப் பிறகு தளர்த்தியது. பைபாஸில் இருந்த கடைகள் ஊருக்குள் நகர்ந்து வந்ததே அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான். அது விற்கும் இடத்தைப் பற்றியது, உங்கள் மேசைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

விபத்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. அமெரிக்காவில் பல மாநிலங்களில் போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து அவர் விபத்து செய்தால், ஊற்றிய கடை நஷ்ட ஈடு தர வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு ஓட்டியவரைத்தான் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஒரு உயிர் போய்விட்டால், "எங்கே குடித்தார்" என்ற கேள்வியோடு விசாரணை உங்கள் வாசலுக்கு வரும். உரிமம் இல்லாத இடம் என்பது அப்போது எழுத்தில் ஏறும். சாவியைப் பிடுங்கினீர்களே, அது சரியான காரியம்.

இப்போதைக்கு உங்களுக்கு எழுத்தில் ஏதாவது வந்ததா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாமல் போங்கள். அந்தத் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள்.


ஆனையூர்க்காரன் எழுதியது:

அரசாங்கம் 2003-ல் தனியார் கையில் இருந்து பிடுங்கித் தானே கடை வைத்து விற்கும். மெஸ்கார அக்கா ஒரு டம்ளர் கொடுத்தால் குற்றம். நல்லா இருக்கு நியாயம்.


வக்கீல்_ஒத்தக்கடை எழுதியது:

கோபம் புரிகிறது. ஆனால் மது வியாபாரம் செய்வது யாருடைய அடிப்படை உரிமையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 1994-ல் வந்த கோடே டிஸ்டில்லரீஸ் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். தனியாருக்கு மறுத்துவிட்டு அரசு மட்டும் செய்யலாம் என்பதும் அதில் இருக்கிறது. அந்த வாதத்தோடு கோர்ட்டுக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.


கறிமெஸ்_கல்லா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எழுத்தில் எதுவும் வரவில்லை. தம்பி ஊருக்குப் போய்விட்டான், போன் எடுக்கவில்லை.

நேற்று ராத்திரி கடை சாத்திய பிறகு வீட்டுக்காரரும் நானும் நாடா எடுத்துக்கொண்டு போனோம். முப்பது மீட்டர் நாடா. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. நாய் குரைத்தது, யாரோ டார்ச் அடித்து "யாரது, இடம் வாங்கவா?" என்று கேட்டார். நேர்க்கோட்டில் பிடித்தே அய்யனார் வாசலுக்கும் டாஸ்மாக் கடைக்கும் 138 மீட்டர் வந்தது. அய்யனார் கைவிட்டுவிட்டார்.

பார்க்கார அண்ணன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். பார் எடுத்திருப்பவரின் மச்சான் போன மாதம் வந்து ஈரல் சாப்பிட்டுவிட்டு, மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இடம் பிடிக்கத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

புரோக்கர் திரும்பவும் வந்தார். 10 லட்சத்துக்கு இறங்கிவிட்டார். அது சரியா தப்பா என்று யாராவது சொல்லுங்கள். கூடவே ஒன்று: அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்குச் சமையல் ஆர்டர் வந்திருக்கிறது. மூன்று கெடா, 400 இலை, மண்டபத்தில். தாய்மாமன் பக்கம் கொஞ்சம் பெரிய ஆட்கள். மண்டபத்துக்குப் பின்னால் "தனிப்பந்தி" ஒன்று போட வேண்டும், ஊற்றிக் கொடுக்க உங்கள் ஆள் இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். 2023-ல் மண்டபத்துக்கெல்லாம் லைசன்ஸ் தருவதாகச் சொன்னார்களே, அது இருக்கிறதா?


ஸ்டார்_பார்_மேனேஜர் எழுதியது:

மேடம், நான் மதுரைக்குள் ஒரு ஸ்டார் ஹோட்டலில் எஃப்.எல்.3 என்ற உரிமம் உள்ள பாரைப் பார்த்துக்கொள்கிறேன். புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அவர் சொல்வது எஃப்.எல்.2. அது கிளப்புக்கான உரிமம். உறுப்பினர்களுடைய சங்கமாக இருக்க வேண்டும், தனி ஒருவருடைய லாபத்துக்கு நடக்கக் கூடாது, உறுப்பினர்களுக்குத்தான் பரிமாற வேண்டும். உங்கள் மெஸ் உங்களுடையது, வருவது ரோட்டில் போகிறவர்கள். பதிவில் யாரோ தலைவர், யாரோ செயலாளர் என்று இருக்கும், சோதனை வரும்போது கல்லாவில் நீங்கள் இருப்பீர்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு ஊற்றுகிறார்கள் என்று மனமகிழ் மன்றங்கள் மேல் வரும் புகார்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

எஃப்.எல்.3 ஸ்டார் தகுதி உள்ள தங்கும் விடுதிக்கு. மத்திய சுற்றுலாத் துறையின் தரவரிசைக்கு விண்ணப்பிக்கவே குறைந்தது 10 அறை வேண்டும். சாப்பாட்டுக்கடைக்கு என்று தனி பார் லைசன்ஸ் பெங்களூரில் கிடைக்கும், நம் ஊரில் அந்த வகையே கிடையாது. இதுதான் வெளியூரில் இருந்து வந்து ரெஸ்டாரன்ட் போடுகிறவர்களுக்குப் புரியாத இடம். எங்களிடம் வந்து "உங்கள் லைசன்ஸில் எங்கள் கடையைச் சேர்க்க முடியுமா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

லைசன்ஸ் இருந்தாலும் நிம்மதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். சரக்கை டாஸ்மாக் கிடங்கில் மட்டும்தான் எடுக்க வேண்டும். பெக் அளவு, வந்தது, போனது, உடைந்தது எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். என் தூக்கம் கெடுவது அந்தப் பதிவேட்டால்தான். ஒருமுறை ராத்திரி ஷிப்ட் பையன் கை தவறி உடைத்த பாட்டிலை எழுதாமல் பெருக்கித் தள்ளிவிட்டான். மறுநாள் இருப்பில் ஒரு பாட்டில் குறைகிறது. கண்ணாடித் துண்டுகளைக் குப்பையில் இருந்து பொறுக்கி, லேபிளோடு போட்டோ எடுத்து வைத்தேன். 21 வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது. மீசையைப் பார்த்து வயது சொல்ல முடிகிறதா? ஆதார் கேட்டால் சண்டை. பில்லும் இரண்டு. சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராததால் அதற்கு மாநில அரசின் வாட் வரி. ஒரே மேசைக்கு ஏன் இரண்டு பில் என்று வாரம் ஒருவராவது கேட்பார்.

அப்புறம் மூடும் நாட்கள். குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம். நடுவே ஆட்சியர் உத்தரவு வந்தால் அதுவும். வள்ளலார் நினைவு நாளான தைப்பூசத்தன்று அறை எடுத்திருக்கும் வடநாட்டு விருந்தாளிக்கு வள்ளலார் யார் என்று விளக்கிச் சொல்லியிருக்கிறேன். பாவம், பொறுமையாகக் கேட்டார், கடைசியில் "அப்படியானால் பீராவது?" என்றார்.

மண்டபம் பற்றி: 2023 ஏப்ரலில் எஃப்.எல்.12 என்று சிறப்பு உரிமம் அறிவித்தது உண்மை. கல்யாண மண்டபமும் அதில் இருந்தது. பெரிய எதிர்ப்பு வந்து உடனேயே மண்டபம், வீட்டு விசேஷங்களை எடுத்துவிட்டார்கள். சர்வதேச, தேசிய அளவிலான விளையாட்டுக்கும் மாநாட்டுக்கும் மட்டும் என்று மாற்றினார்கள். காதுகுத்து என்ன பெரிதாக இருந்தாலும் சர்வதேச மாநாடு ஆகாது.


வக்கீல்_ஒத்தக்கடை எழுதியது:

மேனேஜர் சொன்னதோடு ஒரு வரி. ஊற்றிக் கொடுக்க உங்கள் ஆளை அனுப்பினால், பிடிபடும்போது தாய்மாமன் பந்தியில் இருக்க மாட்டார், உங்கள் ஆள்தான் கையில் பாட்டிலோடு இருப்பான். சமையல் ஒப்பந்தத்தை ஒரு தாளிலாவது எழுதுங்கள். மூன்று கெடா, 400 இலை, பரிமாறுவது சாப்பாடு மட்டும் என்று.


செக்கானூரணி_மெஸ் எழுதியது:

அக்கா, நாங்களும் மெஸ்தான். இதே தலைவலி எங்களுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால். என்ன செய்தோம் என்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"மது அருந்தக் கூடாது" என்று போர்டு வைத்தோம். ஒரு பயனும் இல்லை. போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து குடித்தார்கள். நல்ல வெளிச்சமான டியூப் லைட் இரண்டு கூடப் போட்டோம், மூலையில் இருந்த இரண்டு மேசையைத் தூக்கிவிட்டோம். குடிக்கிறவனுக்கு மூலை வேண்டும். வாசலில் கண்ணில் படும்படி ஒரு கேமரா. டம்ளரை மேசையில் வைப்பதை நிறுத்தினோம். கேட்டால் தண்ணீர் ஊற்றியே கொண்டுவந்து வைப்பான் பையன். வெற்று டம்ளர் கிடையாது.

முக்கியமானது பார்சல். உங்கள் ஈரலுக்காகத்தானே வருகிறார்கள்? ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னலைத் திறந்து அங்கேயே வாழையிலையில் மடித்துக் கொடுங்கள். சமைத்ததைப் பார்சல் கொடுத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அவர் அதை எங்கே கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார் என்பது அவர் பாடு. ஆனால் கூடவே பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் விற்காதீர்கள். 2019 ஜனவரி 1-ல் இருந்து இரண்டுக்கும் தடை, அதற்கு ஒரு அபராதம் தனியாக வரும்.

முதல் மாதம் வியாபாரம் இறங்கும். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போனது. முறைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஒருவர் பரோட்டாவைத் தட்டோடு தூக்கி எறிந்தார். அன்றைக்கு என் சம்சாரம் கரண்டியோடு வெளியே வந்தது, அப்புறம் அவர் வரவில்லை.


கறிமெஸ்_கல்லா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டாள் என்று நினைக்க வேண்டாம்.

மூலை மேசை இரண்டையும் எடுத்துவிட்டோம். இப்போது ஆறு. எடுக்கும்போது மேசையின் அடிப்பக்கம் பார்த்தேன். மூடிகள் ஒட்டியிருந்தன, சுவிங்கம் வைத்து, வரிசையாக. யாருக்கு அவ்வளவு பொறுமை என்று தெரியவில்லை. டம்ளரையும் எண்ணினேன். நான்கு டஜன் வாங்கியது, 29 இருக்கிறது. மிச்சம் அந்த பாரில்தான் இருக்கும்.

பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேரிடம் நானே நேரில் சொன்னேன். சாவி வாங்கிய ஆள் வந்தார். அவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, கேட்டுவிட்டு "சரிங்க அக்கா" என்று ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார். முதல் தடவையாக அவர் ரசம் கேட்டு வாங்கினார்.

ஜன்னல் திறந்துவிட்டோம். ஈரல் மூன்று கிலோ ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த பாரில் வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று நேற்று எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். மச்சான் இன்னும் மேசையை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் போல.

காதுகுத்து ஆர்டரைத் தாளில் எழுதினேன். தாய்மாமன் படித்துவிட்டு, "சாப்பாடு மட்டும் என்றால் நாங்கள் வேறு ஆளைப் பார்க்கிறோம்" என்றார். பார்த்தும்விட்டார்கள். 400 இலை போனது. அன்றைக்கு மாமியார் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், "மூணு கெடாவுக்கு மசாலா இடிச்சுக் கை போயிருக்கும், போகட்டும்" என்றார்.

கட்டட ஓனரிடம் ஆறு மேசை, கேமரா எல்லாவற்றையும் காட்டினேன். ஒப்பந்தத்தை ஆடிக்குப் பிறகு பேசலாம் என்கிறார். வக்கீல் ஐயா, அந்த வரியைப் போட்டோ எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். தம்பியின் அம்மா போன் எடுத்தார். திங்கட்கிழமை அனுப்பிவைக்கிறேன், ஆனால் ராத்திரி 8 மணிக்கு மேல் அவனை வேலைக்கு வைக்கக் கூடாது என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன். 8 மணிக்கு மேல் ஜன்னலில் நிற்க ஒரு ஆள் வேண்டும், ரிங் ரோட்டுப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.